பலகையில் திரும்பிய கை

"கையைத் தளர்த்துங்க. நான்தான் பிடிச்சிருக்கேன்ல, அது எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொல்லியபடி மருந்துக்கடைக்காரரின் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், எல்லாரும் 'முன்கை மேடம்' என்று கூப்பிடும் பயிற்சியாளர். மருந்துக்கடைக்காரர் கையில் கோல்ஃப் மட்டை. காலடியில் ரப்பர் பாய், அதன்மேல் வெள்ளைப் பந்து. பந்தை இன்னும் அடிக்கவே இல்லை. மட்டை தரையை விட்டுக் கிளம்பி இடுப்பு உயரம்வரை பின்னால் போகும் அந்த முதல் அசைவுக்கே காலைப்பொழுது போய்க்கொண்டிருக்கிறது.

அந்த அசைவுதான் மேடத்தின் உயிர். ஆளுக்கொரு தடுப்புக்குள் நின்று புல்வெளியை நோக்கிப் பந்தடிக்கும் இந்த கோல்ஃப் பயிற்சித் திடலில் எத்தனையோ பேர் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருவர் இடுப்பைச் சொல்வார், ஒருவர் தலையை ஆட்டாதே என்பார். பெரும்பாலும் எல்லாரும் இடது கையைத்தான் பாடுவார்கள். மேடத்துக்கு அதைக் கேட்டாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். "இடது கையை எல்லாரும் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுறாங்க. வலது கை என்ன பாவம் பண்ணிச்சு? அது ஒழுங்கா கூடப் போகலைன்னா இடது கை எங்க போகும்?" என்று பக்கத்துத் தடுப்பில் சொல்லிக்கொடுப்பவருக்கும் கேட்கிற மாதிரி கேட்பார்.

பாடம் சிறியதுதான். தோள் திரும்பும்போது மட்டை தானாகப் பின்னால் போகும். வலது முன்கை அதன் கூடவே போக வேண்டும், வழியில் திருகிக்கொள்ளக் கூடாது. "உள்ளங்கை பந்தைப் பாத்துக்கிட்டே கிளம்பணும். தண்ணி ஏந்துற மாதிரி வானத்தைப் பாத்துச்சுன்னா மட்டை முதுகுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கும். அப்புறம் பந்து எங்க போகும்னு என்னைக் கேக்காதீங்க. எனக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது."

மேடம் ஆள் குள்ளம். தொப்பியின் விளிம்பு வெயிலில் வெளுத்து நூல் நூலாகத் தொங்கும். இடது கையில் எப்போதும் உறை போட்டிருப்பதால் அது மட்டும் வேறு யாருடைய கையோ போல வெளுப்பாக இருக்கும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், முழங்கைக்குக் கீழேதான் பார்ப்பார். ஒருமுறை காய்கறிக் கடைக்காரர் கடையின் இரும்புக் கதவை இழுத்து மூடுவதைப் பார்த்துவிட்டு, "இதே கைதாங்க, இப்படியேதான்" என்று ஆளை மறுபடி திறந்து மூட வைத்துவிட்டார். கோபம் வந்தால் கத்த மாட்டார். குரல் இறங்கும், எதிரில் நிற்பவர் சின்னப் பெண்ணாக இருந்தாலும் "ஐயா" ஆகிவிடுவார். "ஐயா, நான் இப்படியா சொன்னேன்?" என்று கேட்டால் அந்தத் தடுப்பில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

அப்படிப்பட்டவருடைய கைதான் இப்போது திடலின் ஓரத்தில், வீட்டு உயரத்துக்கு, தப்பாகத் திரும்பி நிற்கிறது.

புதிதாகப் பெரிய விளம்பரப் பலகை வைக்கலாம் என்று திடலின் மேலாளர் முடிவு செய்தார். படம் எடுத்து அச்சடிக்கும் வேலை மேடத்தின் கணவருக்கே வந்தது. அவர் வைத்திருப்பது பேனர் அச்சகம். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை: எழுத்து மறைந்தால் அவருக்குத் தாங்காது. மேடத்தின் டி-ஷர்ட்டில் திடலின் பெயர் நெஞ்சுக்குக் குறுக்கே எழுதியிருக்கிறது. மட்டையை முறையாகப் பின்னால் எடுத்தால் கை அதன் குறுக்கே வந்துவிடுகிறது. "எழுத்தை மறைக்குதும்மா. முழங்கையை உடம்போட ஒட்டு. கையைக் கீழ இறக்கி, உள்ளங்கையை மேல திருப்பு. ஆங், இப்ப பளிச்சுன்னு தெரியுது." மேடம் முடியாது என்றுதான் சொன்னார். "ஆபீஸ் சுவத்துல சின்னதா மாட்டப் போறாங்க, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் சிரி" என்றார் கணவர். புது டி-ஷர்ட், தலை வாரி முடித்திருந்த நாள். சிரித்துத் தொலைத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்னதாக மாட்டவில்லை. எந்தத் தடுப்பில் நின்று நிமிர்ந்தாலும் கண்ணில் படும் இடத்தில், புல்வெளியின் இடது ஓரத்தில் கம்பம் நட்டுக் கட்டிவிட்டார்கள். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'சரியாகத் தொடங்குங்கள்.' அதை எழுதியவரைக் கையில் பிடித்துக் கொடுத்தால் மேடம் என்ன செய்வாரோ தெரியாது.

பலகையைப் பார்த்து முதலில் தடம் மாறியவர் மருந்துக்கடைக்காரர். மாதக்கணக்கில் பாடுபட்டு அவருடைய முன்கையை மேடம் ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தார். பலகை வந்த மறுநாள் வந்து, உள்ளங்கையை வானத்துக்குக் காட்டி மட்டையை இழுத்தார். பந்து பக்கத்துத் தடுப்பில் மோதி அவர் காலுக்கே திரும்பி வந்தது. "ஐயா, நான் இப்படியா சொன்னேன்?" என்றார் மேடம். "போர்டுல நீங்களே இப்படித்தானே மேடம் வெச்சிருக்கீங்க?" என்றார் அவர், குற்றம் சொல்லும் எண்ணமே இல்லாமல். ஒரு வாரம் அப்படியும் இப்படியும் அடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு வராது போல மேடம். விட்டுடலாம்னு இருக்கேன்" என்று மட்டையைப் பையில் செருகினார். மேடம் வாயால் சொன்னதை அவர் படமே பொய்யாக்கி, ஒரு நல்ல மனிதரை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறது.

மேடம் மேலாளரிடம் போனார். "யாரு மேடம் கையைப் பாக்கப் போறாங்க? சிரிப்பு எவ்வளவு நல்லா இருக்கு" என்றார் அவர்.

"கையைப் பாக்கத்தான் இங்க வர்றாங்க."

"நீங்க கத்துக்கொடுங்க மேடம். போர்டு அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அது பாட்டுக்கு எங்க இருக்கு? அதுவும் நாள் பூரா கத்துக்கொடுக்குது. லீவுகூட எடுக்க மாட்டேங்குது."

மேலாளர் சிரித்தார். அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார், பாவி.

வீட்டில் சாப்பிடும்போது கணவர், "அரை சாண் கை திரும்பினதுக்கு ஊரைக் கூட்டுறியே" என்றார்.

"உங்க கடையில பேனரைத் தலைகீழா அச்சடிச்சு ஊர் நடுவுல கட்டினா சும்மா இருப்பீங்களா?"

"அது தப்பாச்சே."

"இது மட்டும் என்னவாம்?"

கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எழுத்து நல்லா தெரியுதுல்ல?" என்றார். மேடம் அவர் தட்டைப் பிடுங்கவில்லை, மறுசோறு போடவுமில்லை.

சனிக்கிழமை காலை எல்லாத் தடுப்பிலும் கூட்டம். புதிதாகச் சேர்ந்த நாலைந்து பேர் மேடத்துக்காக வரிசையாக நின்றிருந்தார்கள். அவர் வணக்கம் சொல்லி வாயைத் திறக்கும் முன்பே, பலகையைப் பார்த்துப் பார்த்து, ஆளுக்கொரு மட்டையை முதுகுப் பக்கம் இழுத்து, உள்ளங்கையை மேலே காட்டினார்கள். ஒருவர் அதே மாதிரி சிரிக்கவும் செய்தார். கடைசி முறையாகப் பையைத் தூக்கிக்கொண்டு போக வந்திருந்த மருந்துக்கடைக்காரரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் தன் மட்டையை எடுத்துக்கொண்டு தடுப்புகளுக்கு முன்னால் போட்டிருந்த கோட்டைத் தாண்டி, பந்துகள் பறக்கிற புல்வெளிக்குள் இறங்கி நடந்தார்.

திடலில் மாறாத ஒரு விதி உண்டு. புல்லின்மேல் மனிதக் கால் பட்டால் யாரும் அடிக்கக் கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தது. கோடி முதல் கோடிவரை மட்டைகள் இறங்கின. அத்தனை சத்தமாக இருந்த இடத்தில் மேடத்தின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நேராகப் பலகைக்குக் கீழே போய், எல்லாரையும் பார்க்கத் திரும்பி, காலை அகட்டி நின்றார். மட்டையை மெல்லப் பின்னால் எடுத்தார். இடுப்பு உயரத்தில் நிறுத்தினார். மேலே பலகையில் ஒரு கை, கீழே ஒரு கை. கீழே இருந்த கையின் உள்ளங்கை, பந்து இருக்க வேண்டிய இடத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. டி-ஷர்ட்டின் எழுத்துகளைக் கை மறைத்திருந்தது.

ஒலிபெருக்கியில் மேலாளரின் குரல் வந்தது. "மேடம், வெளிய வாங்க. ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

"போர்டு இறங்கட்டும், வர்றேன்" என்றார் மேடம். அவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்டது.

பிறகு மருந்துக்கடைக்காரர் பையைக் கீழே வைத்தார். "ரெண்டும் வேற வேறங்க. மேல இருக்கிறது மேடம் சொல்லிக்கொடுத்தது இல்ல" என்று பக்கத்தில் நின்ற புது ஆளிடம் சொன்னார். புது ஆள் தலையாட்டி, தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"மேடம், சாயங்காலம் பேசிக்கலாம். கை வலிக்கப் போகுது" என்றது ஒலிபெருக்கி.

மேடம் இடது கையை மட்டையிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மட்டை வலது கையில் அப்படியே நின்றது.