மாடியில் ஆம்ப்ளிஃபயர், கீழே ஸ்விட்ச்

தேவசகாயம் அண்ணன். ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வலது முட்டியில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்.

ஸ்டெல்லா அண்ணி. அவர் மனைவி. வீடு இவர் பேரில்.

பாஷா. சென்னீர்குப்பத்தில் டிவி ரிப்பேர் கடை. வாய் மூடாது.

நான்.

போன சனிக்கிழமை காலை பருத்திப்பட்டு வீட்டில் இருந்தது நாங்கள் நாலு பேர். மாடி ரூமில் இருந்த ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்தால் ஐந்து. பதினெட்டு கிலோ. அந்த வீட்டில் எங்கள் எல்லோரையும் விட அதற்குத்தான் மரியாதை அதிகம்... அன்றைக்குக் காலை ஒன்பது மணி வரை.

எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியம் உண்டு என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. லைசென்ஸ் வாங்கி, வீட்டில் ரேடியோ வைத்து, வெளியூர் ஆட்களோடு பேசுவது. செல்போன் இருக்கும்போது இது எதற்கு? கடையில் மீன் கிடைக்கும்போது ஏரியில் தூண்டில் போடுகிறார்களே, அவர்களைப் போய்க் கேளுங்கள்.

அண்ணன் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு ‘நெட்’ நடத்துவார். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி. கன்னியாகுமரியிலிருந்து ஓசூர் வரை ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூப்பிடுவார். பதில் வரும். நோட்டில் எழுதுவார். பதினாறு வருடமாக இதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை.

நடத்துகிறவர் குரல் எல்லோருக்கும் கேட்க வேண்டும். அதற்குத்தான் ஆம்ப்ளிஃபயர். ரேடியோவின் பவரை வாங்கி, மூன்று மடங்காக்கி ஆன்டெனாவுக்கு அனுப்பும்.

ஆபரேஷனுக்குப் பிறகு ‘மாடிப்படி ஏறாதீங்க’ என்றுவிட்டார் டாக்டர். நெட்டை கோவில்பட்டிக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் அவர் நடத்திய நாளெல்லாம் அண்ணன் ரேடியோவே கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நானே எடுக்கிறேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன் மூர்த்தி."

சொல்லிவிட்டார். வாக்கு. இனி ஏற்பாடு என் வேலை.

ரேடியோவைக் கீழே ஹாலுக்குக் கொண்டுவந்தேன். ஆம்ப்ளிஃபயர் மாடியிலேயே இருக்கட்டும். கீழே ஒரு சின்னப் பெட்டி. மூன்று ஸ்விட்ச், மூன்று விளக்கு. சிவப்பு எரிந்தால் மேலே கரண்ட் போயிற்று. மஞ்சள் என்றால் வால்வு சூடாகி ரெடி. பச்சை என்றால் ஆம்ப்ளிஃபயர் வேலையில் இறங்கிவிட்டது. மேலுக்கும் கீழுக்கும் நடுவே ஒரு கேபிள்.

பாஷாவுக்கு இது பிடிக்கவில்லை.

"மாமே, ரெண்டு வைஃபை ஸ்விட்ச் போட்டா முடிஞ்சிது. போன்லயே ஆன் பண்லாம். நீ இன்னாடான்னா பாம்பு புடிக்கிறவன் கணக்கா கேபிள தோள்ல மாட்டிகினு வந்துகீற."

"வைஃபை போச்சுன்னா?"

"திரும்ப வரும்."

"அது வர்ற வரைக்கும் மேல இருக்குற பொட்டி யார் பேச்ச கேக்கும்?"

பாஷா கேபிளின் மறுமுனையை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான்.

எட்டரைக்கு வேலை முடிந்தது. முதலில் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், குறைந்த பவரில் பேசிப் பார்த்தோம். ரேடியோவில் மீட்டர் ஒழுங்காக நின்றது. ஆன்டெனா நன்றாக இருக்கிறது. அண்ணி இட்லியும் வடகறியும் வைத்தார். சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்து முழுப் பவருக்கு உட்கார்ந்தோம்.

சிவப்பு. மூன்று நிமிடம். மஞ்சள். அண்ணன் பச்சையைப் போட்டார். மைக்கை எடுத்து ஒரு வார்த்தை பேசினார்.

மேலே ‘டக்’ என்று சத்தம். பச்சை அணைந்தது.

"ஊத்திகிச்சா?" என்றான் பாஷா. அவன் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. "நான்தான் அப்பவே சொன்னனே..."

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தேழு வருடமாகப் பேனல் போர்டு வயரிங் செய்கிறேன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. ஆனால் நான் போட்ட வயர் தப்பாக ஓடி ஒரு மோட்டார் நின்றதில்லை. பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ கூட லூஸ் இல்லை.

"வயரிங்ல தப்பில்ல. இன்னொரு தடவ போடுங்கண்ணே."

இந்த ஒரு வரியை எழுத இப்போதும் கை நிற்கிறது.

அண்ணன் போட்டார். பேசினார். ‘டக்’. அதோடு மாடியில் ஒரு பக்கெட் உருண்ட சத்தம்.

நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே அண்ணி துவைத்த துணியோடு மேலே போயிருக்கிறார். படிக்கட்டு சமையலறைக்குப் பின்னால். ஹாலில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

நான் ஓடினேன். அதற்குள் அண்ணன் வாக்கரைப் போட்டுவிட்டு நான்காம் படியில் நின்றார். அவரைத் தாண்டித்தான் போனேன்.

அண்ணி சுவரோரம் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஈர பெட்ஷீட். அது தொங்கிக்கொண்டிருந்தது ஆன்டெனா கம்பியில்.

"யேசுவே... இன்னா கம்பி மூர்த்தி இது? கட்சிட்டுது."

அந்தக் கம்பியின் முனை ஒரு மூங்கிலின் உச்சியில் இருக்க வேண்டியது. போன மழைக்காற்றில் மூங்கில் முறிந்தது. அண்ணன் அப்போதைக்கு என்று முனையைக் கைப்பிடிச் சுவர் கொக்கியில் கட்டிவைத்தார். அப்புறம் ஆபரேஷன். ரேடியோ பேசாத மூன்று மாதமும் அது வெறும் கம்பி. அண்ணிக்குக் கொடிக் கயிறு போதவில்லை.

"பெட்ஷீட்டு இதுலதான் காயுது. இன்னிவரிக்கும் ஒண்ணும் பண்ணல. இன்னிக்கு இன்னா வந்துச்சு அதுக்கு?"

நான் வந்தேன். அதுதான் வந்தது.

ஈரத் துணி பட்டதும் ஆன்டெனாவின் அளவு கெட்டுவிட்டது. போன பவர் திரும்பி வந்தது. ஆம்ப்ளிஃபயர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. ‘மேலே ஏதோ சரியில்லை’ என்று அது முதல் தடவையே சொல்லிவிட்டது. நான் என் வயரைத்தான் பார்த்தேன். இரண்டாவது தடவை போட்டபோது அவர் விரல் வெறும் செம்பின் மேல்.

விரல் நுனியில் மிளகு அளவு வெள்ளைப் புள்ளி. கிளினிக்கில் மருந்து போட்டார்கள். ஆறிவிடும் என்றார்கள். முழுக் கையால் பிடித்திருந்தால்?

திரும்பி வந்ததும் அண்ணி முதலில் அண்ணனைத்தான் பிடித்தார்.

"எத்தினி படி ஏறுனீங்க? டாக்டரு இன்னா சொன்னாரு ஒங்களுக்கு?"

அண்ணன் முட்டியைத் தடவினார்.

"அந்தப் பொட்டி இன்னிக்கே எறங்கணும். எறங்கி ஊட்ட உட்டு வெளிய போவணும்."

"போவட்டும்" என்றார் அண்ணன். நெட் நோட்டை மூடி ரேடியோ மேல் வைத்தார்.

பதினாறு வருடம் அவர் மாடி ஏறித்தான் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். ஏறும்போதே மாடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்படி ஒரு காவல் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. நான் ஸ்விட்சைக் கீழே கொண்டுவந்தேன். கண்ணை மேலேயே விட்டுவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து மோட்டார் போடுகிறோம், கேட் திறக்கிறோம். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

"அண்ணி, ரெண்டு மணி நேரம் குடுங்க" என்றேன்.

"எதுக்கு? இன்னொரு வெரலுக்கா?"

"பாருங்க. புடிக்கலன்னா நானே எறக்கிடறேன்."

பைக்கில் அம்பத்தூர் போனேன். பெரிய பேனல்களில் ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டு பூட்டு, ஒரே சாவி. கழித்துப் போட்ட பேனலிலிருந்து எடுத்த ஒரு ஜோடி எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. ஒன்றை மாடிக் கதவில் போட்டேன். இன்னொன்றைக் கீழே பெட்டியில். கதவு திறந்திருந்தால் சாவி கதவிலேயே மாட்டிக்கொள்ளும். பூட்டினால்தான் கையில் வரும். அதைக் கொண்டுவந்து பெட்டியில் திருப்பினால்தான் ஆம்ப்ளிஃபயருக்கும் ரேடியோவுக்கும் கரண்ட்.

அதற்குள் பாஷா ஒரு இரும்புப் பைப் நட்டு, கம்பி முனையைக் கைக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிட்டான். பக்கத்தில் புதுக் கொடிக் கயிறும் கட்டினான்.

அண்ணி வந்தார். கதவைத் திறந்தார். சாவியை இழுத்தார்.

"வரல."

"வராது."

கதவை ஆட்டிக்கொண்டே இழுத்தார். இடது கையால் இழுத்தார். வரவில்லை.

"பாஷா, நீ இஸ்து பாரு."

பாஷா இழுத்தான். "அண்ணி, கதவே வந்துடும் போலகீது. சாவி வராது."

"வேற சாவி கீதா?"

"இல்ல" என்றேன். "ஒண்ணுதான். அது உங்ககிட்டதான் இருக்கும்."

கதவைப் பூட்டினார். சாவி வந்தது. இறங்கி ஹாலுக்கு வந்து அண்ணனிடம் பேசினார்.

"காலைல ஏழுக்குத் தருவேன். ஏழே முக்காலுக்கு என் கைக்கு வரணும். எட்டுக்குப் பூசை. ஒரு நிமிசம் தாண்டுச்சு, சாவி கெணத்துல."

"சரி" என்றார் அண்ணன். நோட்டை எடுத்துத் திறந்து, மறுநாள் தேதி எழுதினார்.

ஞாயிறு காலை நானும் போனேன். அண்ணி மாடிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினார். சாவியைப் பெட்டியில் போட்டு அவரே திருப்பினார். அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சிவப்பு. மஞ்சள். பச்சை. ‘டக்’ இல்லை.

அண்ணன் கூப்பிட ஆரம்பித்தார். நாகர்கோவில், தென்காசி, கொடைக்கானல், ஓசூர். கோவில்பட்டிக்காரர் "உங்க இடத்துல நீங்க உக்காந்தாச்சு, சந்தோசம்ணே" என்றார்.

ஏழு நாற்பத்து மூன்றுக்குச் சாவி அண்ணி கையில்.

கோவில்பட்டிக்காரர் நடத்திய மூன்று மாதத்தில் எந்த ஞாயிறும் பதில் சொன்னவர்கள் இருபதைத் தாண்டவில்லையாம். அண்ணன் நோட்டில் விரல் வைத்து எண்ணினார். நானும் எண்ணினேன். அண்ணி நோட்டை வாங்கி இன்னொரு தடவை எண்ணினார்.

முப்பத்து நாலு.