முகத்தை உள்பக்கமாக வைத்து

அனுமதி இல்லாத பிளக்ஸ்களைக் கழற்ற வரும் வண்டியில்தான் அவர் வருவார். ஒல்லி உடம்பு, வெயிலில் கருகிய கழுத்து, இடுப்பில் செருகிய கத்தி. யார் படமாக இருந்தாலும் முகத்தை உள்பக்கமாக வைத்துச் சுருட்டிய பிறகுதான் வண்டியில் போடுவார்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில் இரண்டு பிளக்ஸ்கள் இருந்தன. ஒன்று, சந்துக்குள் இருக்கும் இட்லிக்கடைக்கு வழி காட்டியது. மற்றது, அந்தக் கடைக்கார அக்காவின் கணவர் இறந்தபோது உறவுக்காரர்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலி. வண்டிக்காரர் கடையின் பிளக்ஸை மட்டும் அறுத்தார்.

அக்கா ஓடி வந்தார். "செத்தவருக்கு ரோட்டுல எடம் இருக்கு, பொழைக்கிறவளுக்கு இல்லையா? இது இல்லாட்டி சந்துக்குள்ள எவன் வருவான்?"

"ரூல்ஸ்படி பார்த்தா ரெண்டையும் கழட்டணும்க்கா. செத்தவங்க படத்துல நான் கை வைக்கிறதில்ல." கத்தியை மடக்கினார். "வேணும்னா அதுக்குக் கீழ எழுதிக்கங்க."

அது இரக்கமா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அக்கா எழுதினார். கணவரின் படத்துக்குக் கீழே சிவப்புப் பெயின்டில், 'இட்லி, தோசை. சந்துக்குள் வரவும்.' சாப்பிட வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சந்துக்குள் திரும்பினார்கள்.

சித்திரை வெயிலில் முகமும் பெயரும் வெளுத்து மறைந்தன. சிவப்பு எழுத்து மட்டும் நின்றது. போன வாரம் வண்டிக்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப இது வெறும் கடை போர்டுதான்க்கா" என்று கயிற்றை அறுத்தார்.

முகமே தெரியாத அந்த வெளுத்த பக்கத்தையும் அவர் உள்பக்கமாக வைத்துத்தான் சுருட்டினார்.