இருபத்திரண்டரை நிமிஷ நாழிகை

கஞ்சிக்கோட்டில் செம்பு, பித்தளைச் சாமான் செய்கிற பட்டறை ஒன்றில் யோகப்பிரியா ஆறு வருஷம் பாலிஷ் பிரிவில் நின்றாள். மீனாட்சிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, நாள் முழுக்கத் தூசியில் நின்றுவிட்டுச் சாயங்காலம் காறித் துப்பினால் எச்சில் கறுப்பாக விழும். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அந்த லட்சணம். ஆனால் அவள் கை பட்ட பாத்திரத்தில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். வீட்டிலும் அப்படித்தான். மங்கிப்போன சொம்பைக் கண்டால் அவளுக்குக் கை பரபரக்கும்.

போன வருஷம் லேத்தில் நின்ற மணிகண்டன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனான். "ஆளு வர்ற வரைக்கும் நான் நிக்கறனுங்ணா" என்றாள் யோகப்பிரியா. முதலாளி அர்த்தநாரி சிரித்துக்கொண்டே சரி என்றார். சுழலும் அச்சில் தகட்டை அழுத்திக் கிண்ணமாக வளைக்கிற வேலை. பத்தே நாளில் பிடித்துக்கொண்டாள். எச்சில் வெளுத்தது, இருமல் நின்றது. இருந்தும் "இது உன்ற மெஷின்" என்ற வார்த்தை மட்டும் அர்த்தநாரி வாயிலிருந்து வரவேயில்லை. கெட்ட மனுஷர் இல்லை. பொம்பளை லேத்தில் நின்றால் அளவு தப்பும் என்று யாரோ அவர் மண்டையில் ஏற்றிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், அந்தக் காலத்து வானசாஸ்திரிகள் வைத்திருந்த கருவிகளைப் புதிதாகச் செய்து ஒரு கூடத்தில் வைக்கப்போகிறார்கள். நிழலை அளக்கப் பன்னிரண்டு விரல் உயரத்தில், சங்கு என்கிற ஒரு முளை. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க, பாகை கீறித் தொங்கவிடுகிற ஒரு சக்கரம். பிறகு நாழிகை வட்டில். இதுதான் வில்லங்கம். அடியில் ஊசித் துளை போட்ட செம்புக் கிண்ணம் அது. தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டால், துளை வழியாகத் தண்ணீர் ஏறி, சரியாக இருபத்துநாலு நிமிஷத்தில், அதாவது ஒரு நாழிகையில், மூழ்க வேண்டும். துளை போட இத்தனை எடையில், இத்தனை நீளத்தில் தங்க ஊசி செய் என்று ஒரு பழைய நூல் சொல்கிறதாம். இன்னொரு நூலை எழுதியவர், அதெல்லாம் எதற்கு, ஒரு பகலும் இரவும் சேர்ந்து அறுபது தடவை மூழ்கினால் துளை சரி என்று முடித்துவிட்டாராம். யோகப்பிரியாவுக்கு இரண்டாமவரைப் பிடித்துப்போயிற்று. பட்டறையில் கை அழுக்கான ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

"இது சரியா வந்துச்சுன்னா லேத்து உனக்கு அம்மிணி," என்றார் அர்த்தநாரி. "தப்புச்சுன்னா பழையபடி பாலிஷ்தான். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

துளையை ஊசியால் மயிரிழை மயிரிழையாக அகட்டினாள். இருபத்தெட்டு நிமிஷம், இருபத்தாறு, இருபத்தைந்து. மாரியம்மன் நோம்பிக்காகப் பட்டறை அடைக்கிற சாயங்காலம், பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் ஊசியை ஒரு திருகு கூடுதலாகத் திருகிவிட்டாள். வட்டில் இருபத்திரண்டரை நிமிஷத்தில் மூழ்கிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. அதைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு ஊருக்குப் போனாள். ஐந்து நாள் நோம்பியில் மாவிளக்கு எடுத்தாள், உறவுக்காரர்களோடு சிரித்துப் பேசினாள். மனசு மட்டும் அந்தத் தொட்டியில் கிடந்தது.

திரும்பி வந்து பார்த்தால், தகரக் கூரையின் சூட்டில் தொட்டித் தண்ணீர் வற்றி அடியில் நாலு விரல்தான் நின்றது. வட்டில் வெள்ளை பூத்துக் கிடந்தது. புதுத் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டாள். இருபத்துநாலு நிமிஷம். நம்பாமல் மறுபடியும் விட்டாள். அதே இருபத்துநாலு. ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எப்படிச் சரியாயிற்று என்று தன்னையே கேட்கவில்லை. கேட்டால் கைக்கு வந்தது போய்விடுமோ என்ற பயம்.

கொண்டுபோகிற நாள் விடியலில், இப்படி வெள்ளை பூத்த சாமானையா மனுஷர் கையில் கொடுப்பது என்று, புளியும் உப்பும் போட்டு அதை அழுத்தித் தேய்த்தாள். வட்டில் தகதகவென்று ஆயிற்று.

பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று அர்த்தநாரியின் காரில் மலையேறிப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. பள்ளியின் பிசிக்ஸ் டீச்சர் செல்வலட்சுமிதான் கருவிகளைப் பார்த்து வாங்குகிறவள். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து மேலே வந்தவள். சங்கையும் சக்கரத்தையும் அளந்து பார்த்துத் தலையாட்டினாள்.

"ரெண்டும் சுத்தமா இருக்கு. மூணு மணிக்கு ஸ்கூல் ஜீப்பு மூணாறுக்கு எறங்கும். அதுக்குள்ள நான் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்து விடணும். நாளைக்குத் திறப்பு விழால்லா. வட்டிலை விடுங்க, பாப்போம்."

ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் யோகப்பிரியா வட்டிலை விட்டாள். டீச்சர் செல்போனில் நேரம் வைத்தாள். இருபது நிமிஷம் வரைக்கும் யோகப்பிரியாவுக்குப் பதற்றமில்லை. இருபத்தொன்றில் கிண்ணத்தின் விளிம்பு தண்ணீரோடு தண்ணீராக நின்றது. அவள் தொட்டிமேல் குனிந்தாள். இருபத்திரண்டரையில் வட்டில் குபுக்கென்று உள்ளே போயிற்று. மறுபடியும் விட்டார்கள். மறுபடியும் இருபத்திரண்டரை.

அர்த்தநாரி முந்திக்கொண்டார். "டீச்சர், எங்கூருப் போர்த் தண்ணி உப்புத் தண்ணிங்க. பாத்திரமெல்லாம் வெள்ளப் பாறையாப் படியும். உங்க மலைத் தண்ணி லேசுங்க, அதான் சீக்கிரமா ஏறுது. கருவி மேல தப்பில்லீங்க."

"குளுந்த தண்ணி மெதுவால்லா ஏறணும்?" என்று டீச்சர் யோசித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி, தண்ணி வித்தியாசம்னு ஒரு குறிப்பு எழுதி வாங்கிக்கிடுதேன். பிள்ளைகளுக்குக் காட்டத்தானே."

யோகப்பிரியாவுக்கு அப்போதுதான் பொறி தட்டிற்று. ஐந்து நாள் வற்றிய தண்ணீரில் துளைக்குள்ளும் உப்புப் படிந்திருக்கிறது. துளை சின்னதாயிற்று, நேரம் சரியாயிற்று. ஆத்தா கண்ணும் திறக்கவில்லை, ஒன்றும் திறக்கவில்லை. காலையில் புளி போட்டு அந்த உப்பைக் கரைத்தது அவள் கைதான்.

இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். டீச்சர் எழுதப்போகிறாள். லேத் அவளுடையதாகிவிடும். ஆனால் நாளையிலிருந்து பிள்ளைகள் கையில் கடிகாரத்தோடு இந்தத் தொட்டியைச் சுற்றி நிற்பார்கள். ஒவ்வொரு தடவையும் இந்த வட்டில் அவர்களிடம் பொய் சொல்லும். அந்தத் தொட்டியடியில் ஒரு தடவை வாயை மூடியதற்கே அவள் நெஞ்சு ஒரு வாரமாக அடித்துக்கொண்டிருந்தது. இனிமேல் அவளால் முடியாது.

"தண்ணி மேல தப்பில்லீங்க டீச்சர். என்ற மேலதானுங்க." துளை பெரிதானது, உப்பு அடைத்தது, புளி போட்டுத் தேய்த்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அர்த்தநாரியின் முகம் சுண்டிப்போயிற்று. "பாலிஷ் புத்தி எங்க போகும்," என்று முணுமுணுத்தார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"கொஞ்சம் நேரம் குடுங்க டீச்சர். தட்டி மூடித் திரும்பவும் தொறக்கறனுங்க."

பையிலிருந்து சின்னச் சுத்தியை எடுத்தாள். காலையில் அதை எதற்கு எடுத்து வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. லேபிலிருந்து ஓர் இரும்பு எடைக்கல் வந்தது. அதன்மேல் வட்டிலை வைத்துத் துளையைச் சுற்றி மூன்று தட்டு. அடிச் செம்பு மெல்லிசு. விரிசல் விட்டால் கதை முடிந்தது, நாளைக்குள் வேறு வட்டில் செய்ய முடியாது. விரிசல் விடவில்லை. ஆனால் துளை ரொம்பவே மூடிக்கொண்டது. முப்பத்தைந்து நிமிஷமாகியும் வட்டில் மிதந்துகொண்டே இருந்தது. மணி ஒன்றரை.

ஊசியால் அகட்டினாள். இருபத்தாறு நிமிஷம். மணி இரண்டு தாண்டிவிட்டது. இன்னும் ஒரு திருகு வேண்டும். பஸ்ஸுக்கு ஓடிய அன்றைக்குத் திருகிய அதே திருகு. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "பஸ்ஸு போனாப் போச்சாது" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு அரைத் திருகு திருகினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இன்னும் ஒரு மயிரிழை அகட்டினாள். நிறுத்திவிட்டாள்.

வட்டிலைத் தண்ணீரில் விடும்போது மணி இரண்டு இருபத்தைந்து. இரண்டே முக்காலுக்கு வெளியே ஜீப்பு டிரைவர் கருத்தப்பாண்டி ஹாரன் அடித்தான். இருபத்தொன்று தாண்டிற்று. இருபத்திரண்டரையும் தாண்டிற்று. ஹாரன் மறுபடியும் அலறிற்று. இருபத்துநாலு நிமிஷமும் நாலு நொடியும் ஆனபோது வட்டில் அடங்கி உள்ளே போயிற்று.

"போதும். சரியா இருக்கு," என்ற செல்வலட்சுமி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாள். செய்தவர் என்ற இடத்தில் பட்டறைப் பெயருக்குப் பக்கத்தில் யோகப்பிரியாவின் பெயரையும் எழுதிவிட்டு, ஓட்டமாக ஜீப்புக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மேஜைமேல் வட்டில் இருந்தது. அடியில் சுத்தி பட்ட பள்ளம், உடம்பெல்லாம் விரல் கறை. அர்த்தநாரி தோள் துண்டை எடுத்தார். "நாளைக்கு விழாங்களே டீச்சர். கொஞ்சம் புளி இருந்தாக் குடுங்க, பளிச்சுனு தேச்சு வெச்சர்லாம்."

"அதத் தொடாதீங்க!"

ஏழு வருஷத்தில் அவள் முதலாளியிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அர்த்தநாரி நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். செல்வலட்சுமி ஒரு அட்டையை எடுத்து, 'புளி போடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தொட்டியில் ஒட்டினாள்.

கார் மறையூரைத் தாண்டிற்று. தான் கத்தியதுதான் யோகப்பிரியாவின் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அர்த்தநாரி பாதையைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினார்.

"பாலிஷ் பக்கம் உன்ற செருப்பு, சோத்து டப்பாவெல்லாம் இன்னும் அங்கயேதான கெடக்குது?"

"ஆமாங்ணா."

"திங்கக்கெழம வந்ததும் அதயெல்லாம் எடுத்துட்டு வந்து லேத்துக்குப் பக்கத்துல வெச்சுக்க அம்மிணி."

யோகப்பிரியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுவது அவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் பார்த்தாள். தெரிந்துவிட்டது.