அணைக்காத கற்பூரம்

தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனாலும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். ஜவ்வாது மலைக்கு ஆசிரியையாக வந்த புதிதில் இந்த ஊருக்கு அதுதான் வேடிக்கை. "இன்னா டீச்சரம்மா, குழாய்க்குப் போறதுக்கே பூட்டா? திருவண்ணாமல போனா வூட்டையே தூக்கினு போவீங்களா?" என்பாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மா. தெற்கே நம் நாசரேத் பக்கத்தில் பூட்டாத வீட்டைத்தான் வேடிக்கை பார்ப்போம். ஒரே தமிழ்நாடுதான், ஆனாலும் வேற்றூர்க்காரிதானே நான்.

கணவருக்கு எங்கள் ஊரிலேயே வேலை. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் என் எட்டு மாதப் பிள்ளை குப்பம்மாவின் இடுப்பில்தான். சாமைக் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டுவாள். போன மாதம் ஒரு சாயங்காலம் பிள்ளையின் கழுத்தில் சங்கிலியைக் காணோம். ஞானஸ்நானத்துக்கு அம்மா போட்ட தங்கச் சங்கிலி. வீட்டையே புரட்டிப் போட்டேன். பிறகு வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, "உன்னத் தவிர பிள்ளைய யாரு தூக்குனா?" என்றேன். அதுவரை அவளை 'அக்கா, வாங்க, போங்க' என்றவள்தான் நான். பாழாய்ப்போன என் வாய்க்கு எப்போதுமே அவசரம்.

திருட்டுப் பழி என்றால் இங்கே லேசில் விடமாட்டார்கள். மறுநாளே ஊர்க் கவுண்டர் அம்மன் கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டினார். கற்பூரத்தை ஏற்றி, "நீ எடுக்கலன்னா இத்த அணைச்சி சத்தியம் பண்ணிட்டுப் போம்மா" என்றார். நம் வேதப்படி சத்தியம் பண்ணுவதே தப்பு. அது தெரிந்தும் வெட்கமில்லாமல் போய் நின்றேன். குப்பம்மா கற்பூரத்தைப் பார்த்தாள், என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். "நா எடுக்கல. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள். கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. "அப்போ அவதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த வாரமே, அவள் மகளைப் பெண் கேட்டிருந்த அமிர்தி ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சிறு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் வேதாகமத்தின் அன்பைப் பற்றிய அதிகாரத்தை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்து எவர்சில்வர் தட்டு வாங்கியவள் நான். மனஸ்தாபத்தோடு நற்கருணைக்குப் போகக் கூடாது என்பதும் நம்மிடம் கண்டிப்பு. சித்தியோடு பேசாமலிருந்த வருஷம் முழுக்க அம்மா பெஞ்சை விட்டு எழவில்லை. சபையே பார்த்தது. ஆனால் நான் போன மாதம் தைரியமாக எழுந்து போய் அப்பமும் ரசமும் வாங்கினேன். திருடியவள் அவள்தானே, எனக்கு என்ன என்ற திமிர்.

இந்த ஞாயிறு மறுபடியும் நற்கருணை. காலையில் துவைப்பதற்காகத் தொட்டில் சேலையை அவிழ்த்தபோது, தையல் விட்டிருந்த ஓர மடிப்புக்குள் கையில் ஏதோ தட்டுப்பட்டது. பிரித்தால் சங்கிலி. அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். சங்கிலி கிடைத்ததைச் சொன்னேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஏட்டி, சத்தம் காட்டாத. லீவுக்கு வரும்போது இங்க கொண்டாந்துரு. அந்தப் பொம்பளகிட்டப் போயி நீ எதுக்குத் தலையக் குனியணும்?"

ஒரு நிமிடம் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு நிமிடத்துக்கு மேலேயே பட்டது. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போய், கவுண்டரும் மற்றவர்களும் இருக்கும்போதே சங்கிலியைக் காட்டிச் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி இன்னா? அவகிட்ட போய் சொல்லும்மா" என்றார் கவுண்டர்.

குப்பம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். சங்கிலியைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"எடுக்காதவங்க அன்னைக்கு ஏங்க்கா சத்தியம் பண்ணல?" அழுதுகொண்டேதான் கேட்டேன்.

"பண்ணியிருந்தா அம்மன் சும்மா வுடுமா? பொய்ப் பழி போட்டவங்க வூட்டத்தான் புடிக்கும். உங்க வூட்ல இன்னா, பத்து பேரா கீறாங்க? இந்தப் புள்ளதான கீது."

அந்தச் சாபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருந்தது. என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று திருடி என்ற பெயரைச் சுமந்திருக்கிறாள், மகளின் கல்யாணத்தையும் விட்டிருக்கிறாள். நான் தட்டு வாங்கியது எதற்காக என்று நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அமிர்திக்கு நானே போறேங்க்கா. அவங்க வாசல்ல நின்னு, எம் மேலதான் தப்புன்னு சொல்லுதேன்."

"போய்ட்டு வாங்க. பஸ்ஸு பத்து மணிக்கு."

ஆராதனையும் பத்து மணிக்குத்தான். அதற்குள் பிள்ளை அவளைப் பார்த்துத் துள்ளத் தொடங்கியது. புளியை ஒதுக்கிவிட்டு எழுந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நானும் பின்னாலேயே காலெடுத்து வைத்தேன்.

"புள்ளைய குடுங்க, பசிக்கும். நீங்க உள்ள வராதீங்க. எனுக்கு இன்னும் மனசு ஆறல."

நிலைப்படிக்கு வெளியே நின்றபடி பிள்ளையை நீட்டினேன். அது சிரித்துக்கொண்டே உள்ளே போனது. மேட்டிலிருந்து வேதக்கோயிலில் ஆராதனைக்கு முதல் மணி கேட்டது. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.