அஷ்டமியில் வந்து சேர்ந்த மகன்

என் மனைவி தனலெட்சுமிக்குக் கணையத்தில் கட்டி என்று மருத்துவமனையில் சொன்னபோது நாடே அடைபட்டுக் கிடந்தது. பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டு, ஆனி மாதம். அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், வலிக்கு மருந்து தருகிறோம், ஒரு மாதம், கூடிப்போனால் ஒன்றரை மாதம் என்றார். இளம் வயது மலாய்ப் பெண். சொல்லி முடித்ததும் முகக்கவசத்துக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. மலாக்காவின் புக்கிட் காத்தில் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்பர்களே, வெள்ளிக்கிழமை வழிபாட்டில் என்னோடு உட்காரும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அம்மன் எனக்கு இரங்கினாள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அவள் இரங்குவதற்கு முன் நான் செய்தது என்ன என்று தெரியாது.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகள் வசந்தி எங்கள் தாமான் குடியிருப்பிலேயே, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். மகன் சரவணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். முன்பெல்லாம் மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்துவிடுவான். மூன்றரை மணி நேரம்தான். எல்லையை மூடிய பிறகு பதினாறு மாதங்களாக அவனைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்தோம்.

தனத்துக்கு ஒரே ஆசை. அவன் வர வேண்டும். வீடியோவில் அவன் முகத்தைக் காட்டினால் திரும்பிக்கொள்வாள். "கண்ணாடிக்குள்ள இருக்கிறவன்கிட்ட நான் என்னத்தப் பேசறது" என்பாள்.

அந்த நாளில் அவன் வருவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் அங்கே மூக்கில் குச்சி விட்டுச் சோதனை. அந்த முடிவு மூன்று நாள்தான் செல்லும். அதற்குள் எல்லையைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் ஜொகூரில் ஒரு ஹோட்டல் அறையில் பதினான்கு நாள். பிறகு இன்னொரு சோதனை, மாநிலம் கடக்கப் போலீஸ் கடிதம், அதற்குப் பிறகுதான் வீடு. திரும்பி வேலைக்குப் போகக் கம்பெனியின் அனுமதி தனி. சரவணன் இத்தனையையும் ஒரே வாரத்தில் முடித்தான். திங்கட்கிழமை மாலை கூப்பிட்டான்.

"ப்பா, ஸ்வாப் ரிசல்ட்டு வந்திருச்சு. நெகட்டிவ். புதன்கிழமை காலையில கெளம்பறேன்."

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

என்னைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தேன், முப்பத்தைந்து ஆண்டு தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். கூடவே நல்ல நாளும் குறித்துக் கொடுத்தேன். வீடு குடி போக, கார் எடுக்க, பெண் பார்க்க, பிள்ளைக்கு மொட்டை அடிக்க, எதற்கென்றாலும் எனக்குத்தான் போன் வரும். நான் வாயால் சொன்ன நாளில் நூறு பேர் வாழ்வு தொடங்கியிருக்கிறது என்ற நினைப்பு எனக்குள் ஊறிப் போயிருந்தது.

"புதன் வேணாம்பா. அஷ்டமி. மறுநா நவமி. வெள்ளிக்கிழம காலையில கெளம்பு."

"ப்பா, இந்த ரிசல்ட்டு அதுவரைக்கும் செல்லாது. மறுபடியும் எடுக்கணும். ஹோட்டல மாத்தணும், லீவ மாத்தணும். ஒரே சூசாப்பா, பெரிய தொந்தரவு."

"ரெண்டு நாள்தான்லா. அம்மா உயிர் விஷயம். அஷ்டமியில கால வெச்சு ஏதாவது ஆச்சுன்னா?"

அவனுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "சரிப்பா. நீங்க சொன்னா சரி" என்றான்.

அவனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. என் பேச்சை மீறியதே இல்லை. அதை நான் பெருமையாக வெளியே சொல்லிக்கொண்டிருந்தவன்.

புதன்கிழமை மாலை அவனோடு அறையில் தங்கியிருந்த பையனுக்குக் காய்ச்சல். சோதித்தார்கள். தொற்று உறுதி. வியாழன் காலை சரவணனுக்கு உத்தரவு வந்துவிட்டது, அறையை விட்டு வெளியே வரக் கூடாது, பதினான்கு நாள். புதன் காலையில் கிளம்பியிருந்தால் அந்நேரம் அவன் ஜொகூர் ஹோட்டலில் தூங்கிக்கொண்டிருப்பான். இப்போது சிங்கப்பூர் அறையிலேயே பதினான்கு நாள் இருந்து, மீண்டும் சோதனை எடுத்து, எல்லை தாண்டி, ஹோட்டலில் இன்னொரு பதினான்கு நாள். டாக்டர் சொன்ன ஒரு மாதத்தை நானே தின்றுவிட்டேன்.

தனத்திடம் உண்மையைச் சொல்லவில்லை. "கம்பெனியில லீவத் தள்ளிப் போட்டுட்டாங்க" என்றேன். "அப்படியா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வசந்தி என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அவளிடம் தம்பி எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"ஏன்ப்பா, அந்தக் கிருமி காலண்டரப் பாத்துட்டா வருது?"

கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவுக்குக் கஞ்சியை வடிகட்ட ஆரம்பித்தாள்.

கோயில்கள் மூடியிருந்தன. எங்கள் எஸ்டேட் மாரியம்மனிடம் போகலாம் என்றால் மாவட்டம் தாண்டக் கூடாது. வீட்டுச் சாமி அறையில்தான் உட்கார்ந்தேன். தினமும் மூன்று வேளை. முதலில் அவள் பிழைக்க வேண்டும் என்று கேட்டேன். பால்குடம் எடுக்கிறேன், அலகு போடுகிறேன், நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒன்றும் நெஞ்சில் ஒட்டவில்லை. பொய்யை அறைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து கண்ணை மூடினால் யார் கேட்பார்கள்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வாரமும், அதற்குப் பிறகு சில நாளும் தனம் நடந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வருவாள். நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். வசந்தியின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே நாலு வாய் சாப்பிடுவாள். சரவணன் முதலில் சொன்ன நாளில் கிளம்பியிருந்தால் அந்தத் தனத்தைப் பார்த்திருப்பான்.

அவன் வந்திருக்க வேண்டிய நாள் வந்தது. ஹோட்டல் முடிந்து, அன்று வாசலில் நின்றிருக்க வேண்டியவன். அன்று பிற்பகல் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சீப்பு கையில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். லீவு இல்லை, நாள்தான் காரணம், நான்தான் தடுத்தேன் என்று.

அவள் திரும்பவில்லை.

"தெரியும்" என்றாள். "அன்னைக்கே புள்ள போன் பண்ணிச் சொல்லிட்டான். நீங்களா எப்ப வாயத் தொறப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எமனுக்கும் ஒரு பஞ்சாங்கம் வாங்கிக் குடுங்களேன் வாத்தியாரே. அவனும் ரெண்டு நாள் தள்ளி வரட்டும்."

சிரித்தாள். சிரித்ததில் வலி வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலி அடங்கியதும் என் கையைப் பிடித்தாள். "என்னப் பொழைக்க வைக்கச் சொல்லி ஆத்தாகிட்ட கேக்காதீங்க. நடக்காததக் கேட்டு அவளச் சங்கடப்படுத்தாதீங்க. அவன் கை என் மேல படணும். நான் தெளிவா இருக்கும்போது படணும். அத மட்டும் கேளுங்க."

அன்று மாலை சாமி அறையில் போய் உட்கார்ந்தேன். நேர்த்திக்கடன் எதுவும் பேசவில்லை. "தாயே, நான் கெடுத்துவிட்டேன். என்னால் சரிசெய்ய முடியாது. அவளைத் தெளிவாக வைத்திரு, பிள்ளை வரும் வரை. நான் செய்ததை எல்லார் முன்னும் சொல்கிறேன்." இவ்வளவுதான். என் எழுபது வயதில் நான் முதல் முறையாக வேண்டிக்கொண்டது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முன் செய்ததெல்லாம் பேரம்.

சரவணன் அறையிலிருந்து விடுபட்டான். சோதனை எடுத்தான். தொற்று இல்லை. வெள்ளிக்கிழமை எல்லையைத் தாண்டினான். நாள் என்ன என்று நான் பார்க்கவில்லை. ஜொகூரில் கையில் இளஞ்சிவப்புப் பட்டையைக் கட்டி ஹோட்டலில் அடைத்தார்கள். அங்கிருந்து மலாக்கா இரண்டு மணி நேரம்.

அவன் வருவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது தனம் கண் திறக்கவில்லை. காலையில் வசந்தி கூப்பிட்டும் எழவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது. வலி மருந்து கொடுக்க வரும் தாதி நாடியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், பிள்ளைகளக் கூப்பிட்டுருங்க" என்றார். கூப்பிட வேண்டிய பிள்ளை ஹோட்டல் ஏழாம் மாடியில் இருந்தான். வசந்தி போனை அம்மா காதில் வைத்தாள். "மா, நான் வந்துக்கிட்டே இருக்கேன்மா" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கும் கேட்டது. கதவு பூட்டிய அறையில் இருந்துகொண்டு அதைச் சொன்னான்.

நான் சாமி அறைக்குப் போனேன். தரையில் நெற்றியை வைத்துக் கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழை பெய்து நின்றது. அப்போது வசந்தி வந்து தோளைத் தொட்டாள்.

"ப்பா, அம்மா தண்ணி கேக்குது."

போய்ப் பார்த்தேன். தனம் என்னைப் பார்த்து, "எத்தன நாள் இருக்கு?" என்றாள். அஞ்சு என்றேன். தலையை ஆட்டினாள். பாசாருக்குச் சாமான் வாங்கப் போன பிள்ளை எப்போது வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டதைப் போல.

மருத்துவம் படித்தவர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்லலாம். சொல்லட்டும். அந்த ஐந்து நாளும் அவள் ஒரு கரண்டி கஞ்சிக்கு மேல் விழுங்கவில்லை. ஆனால் நினைவு ஒரு நாளும் தப்பவில்லை. நான் கேட்டது அதைத்தான்.

அவன் வந்தது வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொன்றே முக்காலுக்கு. டாக்சிக் கதவு மூடும் சத்தம் கேட்டு எழுந்தபோது என் கண் தானாக நாட்காட்டியில் விழுந்தது. மீண்டும் அஷ்டமி. போதாததற்கு ராகு காலம். நான் யாருக்கும் குறித்துக் கொடுக்கவே மாட்டேன் என்று இருந்த நாளில், குறித்துக் கொடுக்கவே மாட்டேன் என்று இருந்த நேரத்தில், அம்மன் என் பிள்ளையை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

பல மாதமாக வெட்டாமல் அவன் முடி கழுத்து வரை வளர்ந்திருந்தது. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தான். அவள் அவன் மணிக்கட்டைத் தடவினாள். பட்டையைக் கழற்றியும் அதன் தடம் இருந்தது.

"இது என்னடா, ஆஸ்பத்திரியில பொறந்த புள்ள மாதிரி கையில?"

"ஹோட்டல்ல கட்டுனாங்கம்மா."

"முடி என்னடா இது. சாமியாராப் போறியா? வசந்தி, அந்தச் சீப்ப எடு."

அவளால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. விரலாலேயே கோதினாள். அவன் தலையைக் கட்டிலில் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தான். நான் வெளியே போய்ச் செருப்புகளை அடுக்கி வைத்தேன்.

ஐந்து நாள் கிடைத்தது. புதன்கிழமை காலை, அவன் கை அவள் நெற்றியில் இருக்கும்போதே மூச்சு அடங்கியது.

கோயில் நண்பர் ஒருவர் பிறகு என்னைத் தேற்றினார். அம்மன்தான் அவனைத் தடுத்து நிறுத்தினாள், இல்லையென்றால் கிருமியோடு வந்திருப்பான் என்றார். நல்ல மனதோடு சொன்னார். ஆனால் அவனுக்கு எடுத்த எந்தச் சோதனையிலும் தொற்று இல்லை. என் தவற்றை எடுத்து அம்மன் தலையில் வைக்க எனக்கு விருப்பமில்லை. தடுத்தது நான். கொண்டுவந்து சேர்த்தது அவள். தாய்க்கும் பிள்ளைக்கும் இருபத்தொரு நாள் கிடைத்திருக்க வேண்டும். ஐந்து கிடைத்தது. அந்த ஐந்துக்காக நான் தினமும் விளக்கேற்றுகிறேன். மற்ற பதினாறுக்காகவும் அதே விளக்கின் முன்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சரவணன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எல்லார் முன்னும் சொல்கிறேன் என்று வேண்டிக்கொண்டதையும் நான் தள்ளித்தான் போட்டேன். ஆண்டுகள் போயின. வெட்கம். போன மாதம் லூபோக் சீனா என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். என்னிடம் படித்தவர், லோரி ஓட்டுகிறார். அவருடைய அக்கா ஜொகூரில் மருத்துவமனையில் கிடக்கிறாராம்.

"ஐயா, நாளைக்குப் போலாம்னு இருக்கேன். நாள் எப்படி?"

"இப்ப எங்க நிக்கறீங்க?"

"இப்பத்தான் வேல முடிஞ்சு வந்தேன். சட்ட கூட மாத்தல ஐயா."

"மாத்த வேணாம். அப்படியே கெளம்புங்க."

"இல்லைங்கய்யா, இன்னைக்கு நவமின்னு காலண்டர்ல..."

"நான் சொல்றேன், கெளம்புங்க."

அவர் போய்ச் சேர்ந்தார். அக்கா கண் திறந்து பேசினாராம். மறுநாள் போன் செய்து, நல்ல நேரம் பார்த்துச் சொன்னீர்கள் ஐயா என்று நன்றி சொன்னார். போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணத்துக்கும் வீடு குடி போகவும் நாள் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். நோயாளியைப் பார்க்கப் போவதற்கு மட்டும் என்னிடம் வராதீர்கள். அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியில் ஏறுங்கள். அஷ்டமியிலும் அவள் கூட வருவாள். நான் பார்த்திருக்கிறேன்.