படங்கின் நடுவில் ஒரு வட்டம்

அப்பாவின் படங்கை வெட்டும்போது நான் ஒரு கணமும் தயங்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்போது நான் வவுனியாவில் பொறியியல் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். மாணவர்களே செய்து ஓட்டும் ஹோவர்கிராஃப்ட் போட்டி ஒன்று வந்தது. தரையில் முட்டாமல், தான் ஊதும் காற்றின் மேலேயே மிதந்து போகும் வண்டி அது. எங்கள் குழுவில் நாலு பேர். ஆகப் பாரம் குறைந்தவள் என்பதால் ஓட்டுவது நான் என்று முடிவாயிற்று. வயலுக்குக் காற்றோடு மருந்தை ஊதியடிக்கும் மெஷின்கள் இரண்டை இரவல் வாங்கினோம். ஒன்று கீழே காற்று ஊத, மற்றது பின்னாலிருந்து தள்ள. பலகைக்கு அடியில் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் பைதான் எங்கள் உயிரை வாங்கியது. பொலித்தீன் கிழிந்தது, உரப்பை ஒழுகியது. மற்றக் குழுக்கள் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தன. எனக்குப் பொறாமையில் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வார விடுமுறையில் வடக்கே கண்டாவளைக்கு வீட்டுக்குப் போனேன். மழை வந்தால் நெற்குவியலை மூடும் பெரிய தார்ப்பாய், அந்தப் படங்கு, அறை மூலையில் மடித்து வைத்திருந்தது. தடிப்பானது, காற்றுப் புகாதது. ஓரங்கள் கயிறு கட்டிக் கட்டி நைந்திருந்தன. நடுப்பகுதிதான் பழுதில்லாதது. ஆகவே, படித்த மூளை அல்லவா, நட்டநடுவில் ஐந்தடி அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டினேன். ஓட்டை உள்ளே போகும்படி பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன். அறுவடைக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. வென்றுவிட்டு வந்து சொன்னால் யார் ஏசப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் நெல் வெட்டும் மெஷின் நாள் பார்த்து வருவதில்லை. அது வேறு மாவட்டத்திலிருந்து வந்து, ஒரு வயல்வெளியில் இறங்கினால் வயல் வயலாக வெட்டிக்கொண்டே போகும். பக்கத்து வயலில் நிற்கும்போது நீங்களும் வெட்டவேண்டும். விட்டால் பிறகு கெஞ்சினாலும் திரும்பி வராது. வேளாண்மை செய்கிறவரின் மகளுக்கு இது தெரியாதா? தெரியும். மறந்துபோனேன் என்பதுகூடப் பொய். நினைக்க விரும்பவில்லை.

போட்டி நாளுக்கு முதல் நாள் மெஷின் எங்கள் வெளிக்கு வந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. போட்டியன்று மத்தியானம் வானம் இருண்டது. நனைந்த புல்லில் வண்டி வழுக்கும் என்று பயந்துபோய் நின்றோம். பிறகு முகில் எங்களை விட்டு வடக்கே நகர்ந்தது. நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

வண்டி எழும்பியது. திடலின் அந்தக் கடைசித் தொங்கல் வரைக்கும் ஒரு இடத்திலும் முட்டாமல் போனேன். முதலாம் இடம். பையிலிருந்த தொலைபேசியை எடுத்துப் பார்த்தால் அம்மாவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

வீதியோரம் காயப்போட்ட நெல்லை, மழை இருட்டியதும் அப்பாவும் அம்மாவும் அவசரமாகக் குவித்திருக்கிறார்கள். மூடுவதற்குப் படங்கை விரித்தால் நடுவில் வட்டம். அப்பா தான் உடுக்கும் சாரத்தையும் அம்மாவின் சேலைகளையும் அந்த ஓட்டைக்கு மேலே போட்டுப் பார்த்திருக்கிறார். மழை நிற்கவில்லை. அது அடுத்த போகத்துக்கு விதைக்கவும் வீட்டுச் சோற்றுக்கும் என்று ஒதுக்கிய நெல்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். குவியலுக்குள் கையை விட்டேன், சூடாக இருந்தது. புளித்த மணம் அடித்தது. அதன்பிறகு எவ்வளவு கிளறிக் காயவைத்தும் பாதிக்கு மேல் முளை விட்டுவிட்டது. அன்றைக்கு அப்பா என்னைப் பார்க்காமல் மண்வெட்டியால் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றார். வண்டி மிதந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். மண்வெட்டியை ஊன்றிவிட்டுச் சொன்னார்.

"கேட்டிருந்தாத் தந்திருப்பன், பிள்ளை. நெல்லுக்கு வேற படங்கு பார்த்திருப்பன்."

ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது கதைத்திருப்பேன். எனக்கு வாய் அதிகம். அன்றைக்கு நானும் ஒரு மண்வெட்டியை எடுத்து நெல்லைக் கிளறினேன்.

அந்தப் போகத்துக்கு விதைநெல்லை அப்பா பக்கத்து வயல்காரரிடம் போய்க் கேட்டு வாங்கினார். யாரிடமும் போய் நிற்காத மனிதர். எங்கள் வண்டி இப்போதும் வளாகத்தில் காட்சிக்கு நிற்கிறது. நான் அந்தப் பக்கமாகப் போவதில்லை.

இந்த முறையும் அறுவடை நெருங்கியபோது அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். மழை, வயல், அம்மாவின் முழங்கால் என்று எல்லாம் கதைத்துவிட்டு, வைக்கும் முன் கேட்டார்.

"மெஷின் பக்கத்து வெளிக்கு வந்திட்டுது. நாளைக்குப் படங்கை எடுக்கப்போறன். உனக்கு அதில ஏதும் வெட்ட இருக்கோ?"

நக்கல் என்றால் சிரித்திருப்பேன். அவர் உண்மையாகத்தான் கேட்டார். ஓம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு அகலம் என்று கேட்டிருப்பார்.