யோசித்து எடுக்கும் கேமரா

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வேலாயுதத்துக்குத் தறியில் உட்கார்ந்தால் கை தயங்காது. தறியை விட்டு எழுந்தால்தான் தயக்கம். செருப்பு வாங்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கிவிட்டுப் பழைய செருப்போடே திரும்பி வருவார். பெண் பார்க்கப் போன இடத்தில் மட்டும் தயங்கவில்லை. காபி கொண்டுவந்த நீலாம்பாளின் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டார்.

அந்த முகம் ஒரு படத்திலும் இல்லை என்பதுதான் அவருடைய குறை. மணவறைக்குப் போகும்போது, "தலைய நிமித்தாதடி" என்று நீலாம்பாளிடம் அவள் பெரியம்மா சொல்லி அனுப்பினாளாம். அன்று கேமராவுக்கு முன்னால் குனிந்த தலை அப்புறம் எந்தக் கேமராவுக்கும் நிமிரவில்லை. கல்யாண ஆல்பம் முழுக்க வகிடும் நெற்றிச்சுட்டியும்தான். மகள் காயத்ரியைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது எடுத்த படத்திலும் அதே வகிடு, கொஞ்சம் நரையோடு.

மாப்பிள்ளைக்கு சூரத் மில்லில் வேலை. சென்ட்ரலில் ரயில் கிளம்பும் நேரத்தில் காயத்ரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நைனா, அம்மா வகிடு எங்கிட்ட நெறைய இருக்குது. மூஞ்சி தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ரயில் நகர்ந்ததும் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிலிம் கேமரா சரிப்படாது என்று வேலாயுதத்துக்குத் தெரியும். ஒரு ரோல் முழுக்க வகிடாகவே கழுவி வரும். டிஜிட்டல் என்று ஒன்று வந்திருக்கிறது, பிடிக்காத படத்தை அப்போதே அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு, சின்ன காஞ்சிபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பூவராகவனிடம் போனார். போகும்போது சட்டைப் பையில் ஒரு துண்டு பட்டுத்துணி. மயில்கழுத்து நிறம், நீளவாக்கில் பச்சைப் பாவு போட்டு, குறுக்கே நீல ஊடை ஓட்டி அவரே நெய்தது. நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை அலையடிக்கும்.

பூவராகவன் ஒரு கேமராவால் அதைப் படமெடுத்துக் காட்டினார். வேலாயுதம் உற்றுப் பார்த்தார்.

"பச்சை எங்க சாமி போச்சு?"

"ட்யூப்லைட் வெளிச்சத்துல அவ்வளவுதான் வரும்."

"அப்ப இது வேணாம். கலரு பொய் சொல்லுது."

"வேலாயுதம், நீ படம் எடுக்கப்போறது உன் பொண்டாட்டியையா, மயிலையா?"

பூவராகவனிடம் இன்னொரு சங்கடம் இருந்தது. அவருக்குப் பொய் சொல்லி விற்கத் தெரியாது. இருக்கிற கேமராவைக் காட்டிய கையோடு, "அடுத்த மாசம் இதைவிட நல்லது வர்றது" என்பதையும் சொல்லிவிடுவார். இரண்டு மெகாபிக்சல் மூன்றானது. மூன்று நாலானது. புள்ளி கூடினால் படம் நெருக்கமாக விழும் என்றதும் வேலாயுதத்துக்குத் தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சில் இழை கூடுகிற கணக்கு ஞாபகம் வந்துவிட்டது. நெருக்கமான அச்சு வரப்போகிறது என்று தெரிந்தும் நெகிழ்ந்த துணியை எவன் வாங்குவான்? இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சைக்கிளைத் திருப்பினார். அப்படியே இரண்டு தீபாவளி போய்விட்டது.

"இன்னா நைனா, கேமரா நல்லா வளந்துச்சா? பள்ளிக்கூடம் போவுதா?" என்று காயத்ரி போனில் கேலி பேசுவாள். கொஞ்ச நாளாக அவள் அதையும் கேட்பதில்லை.

அதைக் கவனித்தவள் நீலாம்பாள்தான். ஒரு நாள் ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏங்க, மூணு புடவைக்குப் பாவு போட்டு நெய்ஞ்சிக்கினு இருக்கிறீங்க. வேற கலரு இதைவிட எடுப்பா இருக்குதுன்னு ஒருத்தர் வந்து சொன்னா, பாவை அறுத்துடுவீங்களா?"

"எவனாச்சும் அறுப்பானா? போட்டதை நெய்ஞ்சிதானே ஆவணும்."

"நீங்க இன்னும் பாவே போடல. எம்மூஞ்சிக்கு இருக்கிறது போதும், வாங்கியாந்துடுங்க. பொண்ணு கேக்கறதையே வுட்டுட்டா."

கேமராவைக் கண்டால் ஒளிகிறவள் அதைச் சொல்ல எத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பாளோ. வேலாயுதம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். துணியை எடுத்துக்கொள்ளவில்லை.

கடையில் அப்போது இருந்தது பழைய மாடல் ஒன்றுதான்.

"சொல்லிடறேன். இது அழுத்தினதும் எடுக்காது. யோசிச்சு யோசிச்சுத்தான் எடுக்கும், உன்னை மாதிரி. அடுத்த மாசம்..."

"அடுத்த மாசம் வேணாம் சாமி. இதையே குடுங்க."

மறுநாள் காலை நீலாம்பாளைத் தறிக்குப் பக்கத்தில், ராட்டைக்கு முன்னால் உட்கார வைத்தார். முதல் படம் வகிடு. இரண்டாவதும் வகிடு. இரண்டையும் அழித்தார். மூன்றாவது முறை பொத்தானை அழுத்தினார். அவள் குனிந்தாள். கேமரா சும்மா இருந்தது. தறிக்குழிப் பக்கத்து வெளிச்சம் அதற்குப் போதவில்லையோ என்னவோ. பூவராகவன் சொன்னது அந்த நேரத்தில் அவருக்கு மறந்தே போயிற்று.

"எடுக்க மாட்டேங்குதே," என்று முனகினார்.

மெனக்கெட்டு வாங்கி வந்தது கெட்டுவிட்டதோ என்று பதறி அவள் நிமிர்ந்தாள்.

"இன்னாங்க ஆச்சு?"

அப்போது கேமரா எடுத்தது.

படம் கொஞ்சம் கோணல். ஓரத்தில் தறிக்கால் ஒன்று நுழைந்திருந்தது. அவள் காதோர முடியில் ஒரு பச்சை இழை. வாய் பாதி திறந்து, கண் கேமராவைப் பார்க்காமல் அதற்கு மேலே அவரைப் பார்த்தது. காபி கொண்டுவந்த அன்று பார்த்த முகத்தை வேலாயுதம் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவரைப் பார்த்தே தெரிந்துகொண்டு ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

பிரிண்ட் போட்டுக் கொடுத்த பூவராகவன், "வேகமானது வந்துடுத்து. வேணும்னா மாத்திக் கொடுக்கறேன்" என்றார்.

"வேகமானதுக்கு அவ வகிடுதான் சாமி கெடைக்கும்."

முறுக்குப் பொட்டலத்தோடு படமும் சூரத்துக்குப் போயிற்று. அடுத்த வாரம் காயத்ரி போன் செய்தாள்.

"நைனா, படத்துல அம்மா இன்னா கேக்கறா?"

"'இன்னாங்க ஆச்சு'ன்னு கேட்டா."

"அதானே," என்றாள் அவள். "எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."